ஏறாத மலைக்கு எழுதிய அடங்கல்

கிராம நிர்வாக அலுவலராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, என் அனுபவத்திலிருந்து எதையாவது எழுதித் தரச் சொன்னார்கள். படித்தால் தைரியம் வருகிற மாதிரி இருக்கட்டும் அம்மா என்றும் சொன்னார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்தவள் நான். வறட்சி, வெள்ளம், தேர்தல், பட்டாத் தகராறு எல்லாம் பார்த்தாயிற்று. தைரியம் கொடுக்கிற கதை சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது நான் செய்த ஒரு தப்பை. படித்து முடித்துவிட்டு உங்கள் அடங்கலை ஒரு தடவை திறந்து பார்த்தீர்கள் என்றால் எனக்கு அது போதும்.

போடிக்கும் குரங்கணிக்கும் நடுவே, மலை அடிவாரத்தில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். பாதி நிலம் சமவெளி, பாதி சரிவு. கீழே தென்னையும் மாவும், மேலே இலவமரமும் எலுமிச்சையும், அதற்கும் மேலே காப்பியும் ஏலமும். கீழ்ப்பாதியை ஸ்கூட்டியில் ஒரு காலையில் சுற்றி வந்துவிடலாம். மேல்பாதிக்கு ஜீப்பு நிற்கிற இடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஏற வேண்டும். எனக்கோ ஐம்பதைத் தாண்டியதும் முட்டிவலி வந்துவிட்டது. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. பல வருஷம் சாக்காகச் சொல்லிப் பழகிவிட்டதால் இங்கேயும் அது தானாக வந்து நிற்கிறது.

கஞ்சா விஷயத்தில் நமக்கு என்ன வேலை, அது போலீஸ்காரர்கள் பாடு என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். விற்பதையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், சரி. ஆனால் செடி மண்ணில்தானே முளைக்கிறது. மண் நம் கணக்கில் இருக்கிறது. வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு செடி நின்றாலும் குற்றம்தான். தன் எல்லைக்குள் அது வளர்வது தெரிந்தும் சொல்லாத கிராம அலுவலருக்கும் தண்டனை உண்டு என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் ‘என் கிராமத்தில் கஞ்சா பயிரிடப்படவில்லை’ என்று எங்களிடம் மாதாமாதம் ஒரு சான்று எழுதி வாங்கினார்கள். கிராம சபையிலும் தீர்மானம் போட்டோம். நான் மாதம் பிறந்ததும் தேதியை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன்.

ஒரு தடவை கீழத்தெருவில் ஒருவர் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், செவ்வந்திச் செடிகளுக்கு நடுவே ஒரு கஞ்சாச் செடி வைத்திருந்தார். “மாட்டுக்குக் கழிச்சல் வந்தா அரைச்சுக் குடுக்க வச்சேன்மா” என்றார். நான் விடவில்லை. தகவல் கொடுத்தேன். செடியையும் கொண்டுபோனார்கள், அவரையும் கொண்டுபோனார்கள். தாலுகா அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார்கள். அதற்குப் பிறகு நான் ரொம்பக் கறாரானவள் என்று எனக்கே ஒரு நினைப்பு. என் கறாரெல்லாம் ஸ்கூட்டி போகிற தூரம் மட்டும்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

என் கிராம உதவியாளரை ஊரில் இன்னமும் தலையாரி என்றுதான் கூப்பிடுவார்கள். மலையில் எந்தப் பாறைக்குப் பின்னால் எந்த ஓடை என்று தெரிந்த மனிதர். ஒவ்வொரு மாதமும் அந்தச் சான்றை நான் எழுதும்போது பக்கத்தில் வந்து நிற்பார்.

“அம்மா, ஒருக்கா மேல போயிப் பாத்துட்டு வந்துருவமா? வெரசாக் கெளம்புனா மத்தியானத்துக்குள்ள எறங்கிரலாம்.”

“அடுத்த மாசம் பாப்போம்” என்பேன். தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார்.

அடங்கல் என்றால், ஒவ்வொரு நிலத்திலும் யார் என்ன சாகுபடி செய்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்து எழுதுகிற கணக்கு. இதை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். போன வருஷத்து அடங்கலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வருஷத்து அடங்கலை எழுதுவது எப்படி என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அது தானாக வந்துவிடும். எங்கள் அத்தா போடியில் ஏலக்காய் வியாபாரி. சாக்கின் அடிவரைக்கும் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டார். அவர் மகள் நான், மலைச்சரிவு முழுவதையும் மேசையில் உட்கார்ந்தே எழுதி முடித்தேன்.

இனி சோலைமுத்து. சிலமலைக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். சரிவில் ஒன்றரை ஏக்கர் இலவந்தோப்பைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். நிலத்துக்காரர் மதுரையில். காட்டுமாடு எலுமிச்சையை மிதித்தது, பஞ்சுக்கு விலை இல்லை. இலவு காத்த கிளி கதைதான். குத்தகையை விட்டுவிட்டு, போடியிலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்புக்கு டிரைவராகப் போய்விட்டார்.

ஒருநாள் மத்தியானம் அலுவலகத்துக்கு வந்து ஒரு தாளைக் கொடுத்தார். குத்தகையை விட்டுவிட்டேன், இனி அந்த நிலத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று எழுதி, அவரும் நிலத்துக்காரரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

“அடங்கல்ல எம்பேர எடுத்துருங்கம்மா. பின்னால பாத்தியதை கேட்டு நிப்பேனோன்னு நெலத்துக்காரர் சங்கடப்படுறாரு.”

“ஜமாபந்தி முடியட்டும், எடுத்துர்றேன்” என்று சொல்லித் தாளை வாங்கி இழுப்பறையில் வைத்தேன். வருஷாந்திரக் கணக்குத் தணிக்கை முடிந்ததும் செய்யலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து ஜீப்பை வாசலில் நிறுத்தி, ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே கேட்டார்: “எம்பேரு போயிருச்சாம்மா?”

“போயிரும், போங்க” என்றேன். அந்த ஜமாபந்தி முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. பழைய அடங்கலைப் பார்த்துப் புதிய அடங்கலை எழுதிய கை, சோலைமுத்து என்று இரண்டு தடவையும் எழுதியது.

தீ பரவாமல் இருக்கக் காட்டோரம் புதர் வெட்டப் போன வனத்துறை ஆட்கள்தான் சோலைமுத்து விட்டுப்போன அந்தத் தோப்பில் கஞ்சாச் செடிகள் நிற்பதை முதலில் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் காலையில் எனக்குப் போன் செய்தார். நானும் தலையாரியும் அவர்களோடு ஏறினோம். நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். என் கணக்கில் இத்தனை வருஷமாக இருந்த அந்த நிலத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன்.

இலவமரங்களுக்கு நடுவே, ஆள் உயரத்துக்கு முப்பது செடிக்கு மேல் நின்றது. யாரோ பக்குவமாக வளர்த்திருந்தார்கள். ஓடையிலிருந்து கறுப்புக் குழாய் ஒன்று வந்தது. ஆனால் தோப்பின் கீழ்க்கோடியில் சோலைமுத்துவின் காவல் குடிசை கூரை விழுந்து கிடந்தது. அதன் வாசலை அடைத்துக்கொண்டு உண்ணிச்செடி மார்பளவு வளர்ந்திருந்தது. எலுமிச்சை எல்லாம் பட்டுப்போயிருந்தது. குத்தகைக்காரர் அங்கே கால்வைத்து ரொம்ப நாளாகிவிட்டது என்பது தோட்டம் துரவு தெரிந்த யாருக்கும் பார்த்தவுடன் தெரியும்.

“அம்மா, இந்த நெலத்துல சாகுபடி பண்றது யாரு?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

தலையாரி என்னைப் பார்த்தார். நான் குடிசையைப் பார்த்தேன்.

“அடங்கல்ல சோலைமுத்துன்னு இருக்கு சார்” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை பாருங்கள். அடங்கலில் அப்படித்தான் இருந்தது. அவர் கேட்டது சாகுபடி செய்வது யார் என்று. நான் பதில் சொன்னது அவர் கேட்காத வேறொரு கேள்விக்கு. நம் வேலையில் இந்தச் சாமர்த்தியம் சீக்கிரம் வந்துவிடும், உங்களுக்கும் வரும். வந்ததும் பயப்படுங்கள்.

அந்த ஒரு நிமிஷத்தில் என் மனசில் ஓடியதையும் மறைக்காமல் சொல்கிறேன். போன வாரம்தான் கஞ்சா இல்லை என்று சான்று அனுப்பியிருந்தேன். யாரும் சாகுபடி செய்யவில்லை, தரிசு என்று இப்போது சொன்னால், பின்னே எதைப் பார்த்துப் பெயர் எழுதினீர்கள் என்று கேட்பார்கள். பார்க்காமல் எழுதினேன் என்றால், அந்தச் சான்றும் பார்க்காமல் கொடுத்ததுதானே என்பார்கள். வேலை போகும். வழக்கில் என் பெயரையும் சேர்த்தாலும் சேர்ப்பார்கள். ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்தது. பெயர் தெரியாத ஒரு குற்றவாளிக்காக நான் ஏன் போக வேண்டும் என்று நினைத்தேன். சோலைமுத்து போவதைப் பற்றி நினைக்கவே இல்லை.

கீழே வந்ததும், அடங்கல்படி சாகுபடிதாரர் சோலைமுத்துதான் என்று சான்று கேட்டார்கள். ரப்பர் சீலை எடுக்க இழுப்பறையைத் திறந்தேன். சீலுக்கு அடியில் அவர் கொடுத்த தாள் கிடந்தது. சீலை எடுத்துக்கொண்டு இழுப்பறையை மூடினேன்.

சோலைமுத்துவைப் போடிமெட்டில் மறித்துப் பிடித்தார்கள். ஜீப்பிலிருந்த பெண்கள் இறங்கி வேறு வண்டிக்கு நின்றார்களாம். கீழே சரிவில் வளர்க்கிறான், தினமும் எல்லை தாண்டி ஜீப்பில் கொண்டுபோய் விற்கிறான் என்று கதை அழகாகப் பொருந்திவிட்டது. நிலத்துக்காரருக்கும் பயம். குத்தகைக்கு விட்ட நிலம், எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். செடியை வளர்த்தவன் யார் என்று இன்றுவரை தெரியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஓர் ஆளை உள்ளே வைக்க அது தாராளமாக உதவும்.

நாலாம் நாள் அவர் மனைவி பேச்சியம்மாள் வந்தார்.

“நெலத்த விட்டுட்டேன்னு அவரு ஒரு தாளு குடுத்தாருல்லம்மா, அது இருக்குல்ல? அதக் காட்டுனா விட்டுருவாகன்னு வக்கீலு சொல்றாரு.”

“தேடிப் பாக்கிறேன்” என்றேன். என் முழங்காலுக்கும் அந்த இழுப்பறைக்கும் ஒரு சாண் தூரம்கூட இல்லை.

வாரம் தவறாமல் வந்தார். “கெடைச்சுச்சாம்மா?” “இன்னும் இல்ல.” அவர் படியேறுவதைப் பார்த்ததும் தலையாரி டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். ஒருநாள் பேச்சியம்மாள் போன பிறகு திரும்பி வந்து, துண்டால் பெஞ்சைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “அந்த ஒரு இழுப்பறையத் தவிர மத்த எல்லா எடத்துலயும் தேடிட்டோம்மா.”

நான் அவரைச் சத்தம் போட்டேன். வேலைக்காரன் வேலைக்காரனாக இருக்க வேண்டும் என்றெல்லாம் பேசினேன். கிட்டத்தட்ட என் வயது மனிதர். இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜாமீன் இரண்டு தடவை தள்ளுபடியானது. எட்டு மாதம் போனது. எட்டாவது மாதம் பேச்சியம்மாள் வேறு சோலியாக வந்தார். மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். கல்லூரிக்கு வருமானச் சான்று வேண்டும். அதற்கு நான்தான் விசாரித்து எழுத வேண்டும்.

“வீட்டுக்காரருக்கு என்ன தொழில்?” என்று கேட்டுவிட்டேன். ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி, வாய் தானாகக் கேட்டுவிட்டது.

பேச்சியம்மாள் படிவத்தை எட்டிப் பார்த்தார். “டிரைவருதாம்மா. ஆனா நீங்க விவசாயம்னு எழுதியிருக்கீங்களாம்ல, கோர்ட்டுல சொன்னாக. எது சரியா வருமோ அதையே போட்டுக்கங்க. நீங்க எழுதுறதுதான நிக்கும்.”

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே என்னிடம் கேட்டார். மண்ணை வாரித் தூற்றியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன், அதில் நான் கெட்டிக்காரி. அவர் என் எழுத்தை நம்பினார். என்னால் அந்தப் படிவத்தை அன்று நிரப்ப முடியவில்லை. நாளைக்கு வரச் சொன்னேன். அவர் போனதும் இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்துக் கைப்பையில் வைத்தேன்.

அடுத்த மாதம் சாட்சி சொல்ல மதுரைக்குக் கூப்பிட்டார்கள். போடி பஸ் ஸ்டாண்டில் தலையாரி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரும் சாட்சி.

“எனக்கு இன்னும் மூணு வருசம் சர்வீசு இருக்கும்மா” என்றார். “அங்க நீங்க என்ன சொல்றீங்களோ அதையேதான் நானும் சொல்லப்போறேன். அதனால கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

பாத்துச் சொல்லுங்க என்றால் என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. என் பொய் இனிமேல் என் பொய் மட்டும் இல்லை, அவர் வாயிலும் ஏறப்போகிறது என்பது மட்டும் விளங்கியது.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார். “நிலத்தை நேரில் பார்வையிட்டுத்தான் அடங்கல் எழுதினீர்களா?” இந்தக் கேள்விக்கு நம் ஆட்கள் எல்லாரும் சொல்லும் பதில் ஒன்றுதான். ஆமாம் என்றால் வேலை முடிந்தது.

“இல்லை” என்றேன்.

கைப்பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். இவ்வளவு நாள் ஏன் தரவில்லை என்று நீதிபதி கேட்டார். பயம் என்றேன். கூண்டில் நின்ற சோலைமுத்து என்னைப் பார்க்கவில்லை. அந்தத் தாள் கைமாறி மேசைக்குப் போகிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப மெலிந்துபோயிருந்தார்.

சில வாரத்தில் அவருக்கு விடுதலை கிடைத்தது. உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். நேரத்தில் சொன்னால்தான் சரியாகும். ஜீப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏலத்தோட்டத்துப் பெண்கள் ‘கஞ்சாக் கேசு வண்டியில்’ ஏற மாட்டோம் என்றுவிட்டார்கள். இப்போது அவர் போடியில் லோடு ஏற்றி இறக்கும் வேலை பார்க்கிறார். பணம் கட்ட வழியில்லாமல் மகள் அந்த வருஷம் கல்லூரிக்குப் போகவில்லை, அடுத்த வருஷமும் போகவில்லை. எனக்கு, ஓய்வு பெறும் நாளில் மாலைக்குப் பதிலாகத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. விசாரணை முடிந்து, ஓய்வூதியத்தில் வெட்டோடு அனுப்பினார்கள். அதைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் கிடையாது.

இப்போது உங்களுக்குக் கைபேசியில் செயலி வந்துவிட்டது, இடத்தில் நின்று படம் எடுத்தால்தான் பதிவாகும், இனி இப்படியெல்லாம் நடக்காது என்பீர்கள். சந்தோஷம். கீழே தார்ரோட்டில் நின்று மலையைப் படம் பிடிக்கிற வித்தையும் என் காதுக்கு வந்திருக்கிறது.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் போன மாதம் சோலைமுத்து என் வீட்டுக்கு வந்தார். கோர்ட்டுக்குப் பிறகு அவரை நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றும் நினைத்தேன். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அந்த இலவந்தோப்பின் அடங்கல் நகல், இந்த வருஷத்தது.

“இனிமே வருசா வருசம் வாங்கிப் பாத்துக்கிறதுன்னு இருக்கேன்மா. புதுசா வந்திருக்க தம்பிகிட்டக் கேட்டேன். நல்ல தம்பி, ஒடனே சீல் வச்சுக் குடுத்துட்டாரு.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பயிர் என்ற இடத்தில் இலவம் என்று இருந்தது. சாகுபடிதாரர் என்ற இடத்தில் சோலைமுத்து என்று இருந்தது.

“எம்பேரு எப்பம்மா போகும்?” என்றார்.

என்னிடம் இப்போது சீல் இல்லை. நகலை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கிராமத்தை இப்போது பார்க்கிற தம்பி இதைப் படித்துக்கொண்டிருப்பார், யார் என்று அவருக்குத் தெரியும். அந்தத் தாளை இழுப்பறையில் வைக்க எனக்கு மனசு வரவில்லை, மேசைமேல்தான் கிடக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வருவதற்கு முன்னால் ஒரு தடவை மலை ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள்.